காட்டுக்கு ஆள் சேர்த்த யோகம் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, கிள்ளான் பஸ் நிலையத்துக்குப் புறப்பட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு யாரும் அழைப்பதில்லை. எடுத்தேன். யோகம் அக்காவின் தம்பி சிவா பேசினார்.

"கமலா, அக்கா விடியப்புறம் போயிட்டா. நித்திரையிலதான். நர்ஸ் வந்து பாக்கேக்க எல்லாம் முடிஞ்சுது."

"சரி" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகு செருப்பைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று தெரியாமல் மறுபடியும் மாட்டிக்கொண்டேன். வேலைக்குப் போகும் அதே பஸ்ஸில் ஏறி, வேலைக்குப் போகாமல் பிரிக்பீல்ட்ஸில் உள்ள அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வழியெல்லாம் ஒன்றுதான் மனதில் ஓடியது. எங்கே போவதென்றாலும் விடிவதற்கு முன் புறப்பட்டுவிட வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். யாருக்காகவும் அதை மாற்றிக்கொள்ளமாட்டார். இந்தப் பயணத்துக்கும் மாற்றிக்கொள்ளவில்லை. அப்படி நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

யோகேஸ்வரி அம்பலவாணர் என்ற முழுப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. 'காட்டு யோகம்' என்று சொன்னால் பிரிக்பீல்ட்ஸில் கோயில் வாசலில் பூ விற்கிறவர் வரைக்கும் தெரியும். முதலில் கேலியாக வைக்கப்பட்ட பெயர் அது. வைத்தவர்களே பிற்பாடு அவரிடம் வந்து, அடுத்த பயணத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

நான் அவரை முதலில் பார்த்தது எழுபதுகளின் நடுவில், கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில். நான் கிள்ளானிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் புது டைப்பிஸ்ட். அவர் பல வருட அனுபவமுள்ள தலைமைக் கிளார்க். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தகப்பனார் அம்பலவாணர் ஐயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா, சித்தப்பா, அண்ணன், மைத்துனர் என்று வீட்டில் எல்லோருமே அரசாங்கச் சம்பளம். எங்கள் வீட்டிலோ தாத்தா பந்திங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அப்பா பொதுப்பணியில் ரோடு போட்டவர், அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அதனால் அக்காவைக் கண்டால் எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். தப்பாக டைப் செய்த தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லமாட்டார். அந்த மௌனத்துக்குப் பயந்தே நான் டைப்பிங் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

ஒரு தடவை அலுவலக வேலையாக, கையிருப்புச் சாமான்களைச் சரிபார்க்க அவரைப் பகாங்கில் உள்ள தேசியப் பூங்காவுக்கு அனுப்பினார்கள். நாற்காலிகளையும் படகு இன்ஜின்களையும் எண்ணிவிட்டு வருவதுதான் வேலை. திங்கட்கிழமை அவர் அலுவலகத்துக்கு வந்தபோது, வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, அட்டை கடித்த தழும்புகளை எங்களுக்குக் காட்டினார். காட்டிய விதம், புது வளையல் காட்டுகிற விதம்.

"விடியக்காலமை ஒரு பரணில ஏத்தி இருத்தினாங்கள், கமலா. கீழ உப்புச்சேறு. மானொண்டு வந்து நக்கிச்சுது. எனக்கு எங்க இருக்கிறனெண்டே மறந்துபோச்சு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எடுத்த லீவெல்லாம் அங்கேதான் போனது. நானும் அவருடன் இரண்டொரு தடவை போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் பிள்ளையுடன் போகிறேன் என்றதால் அம்மா சம்மதித்தார். எங்கே போகிறோம் என்பதை நான் விவரமாகச் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அக்கா என் மேசைக்கு வந்து, கையால் எழுதிய ஒரு தாளை வைத்து, டைப் பண்ணச் சொன்னார். அவருடைய ராஜினாமா. வேலையை விட்டுவிட்டு, நம் ஆட்களைக் குழுக்குழுவாகச் சேர்த்துத் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போகிற தொழில் செய்யப்போகிறாராம்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்கக்கா. பெர்மனென்ட் வேலை லா இது. யாராச்சும் விடுவாங்களா?" என்றேன்.

"யோசிச்சு முடிஞ்சுது. நீ பிழையில்லாமல் டைப் பண்ணு."

எங்கள் பெரிய அதிகாரி நல்ல மனிதர். கடிதத்தை மேலே அனுப்பாமல் இழுப்பறையில் வைத்துக்கொண்டு, மாதம் முடிவதற்குள் மனம் மாறினால் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். செய்தி அன்றைக்கே பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்விட்டது. கோயிலில் அக்காவைப் பார்த்தவர்கள், வீட்டில் யாரோ தவறிவிட்டது போன்ற முகத்துடன் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார்கள்.

ஐயா சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிற மனிதரும் அல்ல. நான் அன்று அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கேட்டார்: "கலியாணமும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாய். அதுக்கு நான் ஒண்டும் கதைக்கேல்லை. மகள் கவர்ன்மென்ட்டில இருக்கிறா எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சன். இனி ஆக்கள் கேட்டா உன்னை என்னெண்டு சொல்லுறது?"

அப்போது அக்காவின் முகம் வாடியதை நான் பார்த்தேன். அவருக்குக் காட்டைவிட்டால் உலகத்தில் மிஞ்சியிருந்த பெரிய பிரியம் அந்தத் தகப்பனார்தான். இரண்டில் ஒன்றை விட வேண்டுமென்றால் அவர் எதை விட்டிருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

கடைசியில் ஐயாவே ஓர் ஏற்பாடு சொன்னார். "ஒரு பயணம் கூட்டிக்கொண்டு போ. நானும் வாறன். நான் பாத்துச் சரியெண்டு பட்டா அதுக்குப் பிறகு வாய் திறக்கமாட்டன். இல்லையெண்டா கடிதத்தைத் திருப்பி வாங்கு."

"சரி, அப்பா" என்றார் அக்கா. அவர் வாக்குக் கொடுத்தால் மீறமாட்டார். ஆக, அந்த ஒரு பயணத்தில்தான் எல்லாமே இருந்தது.

குழு சேர்ந்தது. கோயிலுக்கு வருகிற பெண்கள் சிலர், பள்ளி ஆசிரியைகள், ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவரும் அவர் மனைவியும், பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி மாமி. மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூக்கத்தில்கூடப் பேசுவார் என்று அவர் கணவரே சொல்லியிருக்கிறார். எல்லோரும் மினிபஸ்ஸில் போய், பிறகு ஆற்றில் நீளப் படகில் பல மணி நேரம் பயணம் செய்து பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தோம். படகில் மனிதர்களைவிடச் சாப்பாடு அதிகம் இருந்தது. இடியப்பத் தட்டுகள், சம்பல் போத்தல்கள், முறுக்கு டின்கள், ஒரு முழு வாழைக்குலை. காட்டில் பஞ்சம் வந்தால் மலாயா முழுவதற்குமே சோறு போட்டிருக்கலாம்.

முதல் நாள் காலை நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

இருட்டோடு எல்லோரும் எழுந்து தலைக்குக் குளித்தார்கள். சந்தன சோப்பு. அதன்மேல் பவுடர். மாமி பிரிக்பீல்ட்ஸிலிருந்து வாழையிலையில் சுற்றி, ஈரத்துணி போர்த்தி, படகில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மல்லிகைச் சரத்தை எடுத்து எல்லாப் பெண்களுக்கும் வைத்துவிட்டார். நல்ல காரியத்துக்குப் போகிறோமாம். காட்டுப்பாதை தொடங்குகிற இடத்தில் ஐயா பிள்ளையாரைப் பிடித்து வைத்து, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்தார். மாமி மணி அடித்தார். பூங்காக் காவலர் அவாங், மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நம் வழிபாட்டைத் தடுக்கக்கூடாது என்று நினைத்திருப்பார். அக்காவும் தடுக்கவில்லை. தகப்பனார் செய்கிற பூசையை எந்த மகள் தடுப்பாள்?

பரண் என்பது மரத்தூண்கள்மேல் கட்டிய பலகைக் குடிசை. முன்பக்கச் சுவரில் நீளமாக ஒரு திறப்பு. அதன் வழியே பார்த்தால் கீழே புல்வெளியும் உப்புச்சேற்றுக் குட்டையும் தெரியும். மிருகங்கள் அந்த உப்பை நக்க வரும். நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் கொசு பிடுங்கியது. மாமி சும்மா இருப்பாரா? பையிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்தார். அதில் கரித்துண்டுகள். தணல் மூட்டி, சாம்பிராணி போட்டு, முந்தானையால் விசிறினார். வீட்டில் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைக்குப் போடுகிற மாதிரி, ஒவ்வொருவர் பக்கமாகவும் காட்டினார். திறப்பு வழியாகப் புகை வெளியே போனது. கீழே நின்ற அவாங், பரணில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து, 'ஆப்பி, ஆப்பி' என்று கத்திக்கொண்டு ஏணியில் பாய்ந்து ஏறிவந்தார்.

அதற்கப்புறம் எந்த மிருகம் வரும்? வெயில் ஏறும் வரை உட்கார்ந்திருந்தோம். ஓர் அணில்கூட வரவில்லை.

"இதுக்கு மிருகக்காட்சிசாலைக்கே போயிருக்கலாம். அங்க எல்லாத்துக்கும் பேர்ப்பலகையும் எழுதி வச்சிருப்பினம்" என்றார் மாமி, முறுக்கைக் கடித்துக்கொண்டு. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

தங்குமிடத்துக்குத் திரும்பிச் சாப்பிட உட்கார்ந்தபோது ஐயா மெதுவாகக் கேட்டார். "யோகம், திங்கட்கிழமை கந்தோர் எத்தனை மணிக்குத் திறக்கிறது?"

கந்தோர் என்று அவர்கள் சொல்வது அலுவலகத்தை. கடிதத்தைத் திருப்பி வாங்கச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எட்டு மணிக்கு, அப்பா. சம்பல் போடட்டே?"

அன்று பொழுது சாயும் நேரத்தில் அவர் எல்லோரையும் வராந்தாவில் கூட்டினார். அலுவலகத்தில் சுற்றறிக்கை வாசிக்கிற அதே குரலில் பேசினார்.

"பிழை என்ரதான். முதலே சொல்லியிருக்கவேணும். இப்ப சொல்லுறன். மிருகங்களுக்குக் கண்ணைவிட மூக்குத்தான் பெரிசு. நாளைக்கு ஒருத்தரும் சோப்புப் போட்டுக் குளிக்கக்கூடாது. பவுடர், பூ, எண்ணெய் ஒண்டும் வேண்டாம். திருநீறும் வேண்டாம், அதிலயும் வாசம் இருக்கு. கற்பூரமில்லை, தேங்காயில்லை, மணியில்லை. பரணில ஏறினாக் கதைக்கவும் கூடாது."

இந்தச் சொற்களின் கனம் நம்மவர்களுக்குத்தான் தெரியும். குளிக்காமல், நெற்றியில் ஒன்றும் இல்லாமல் வெளியே போவது எங்கள் தோட்டத்து வீட்டிலேயே நடக்காது. ஐயாவின் வீட்டில் அதை நினைத்துப் பார்த்தவர்களே கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலத்தில், விடிகாலை ரயிலுக்குக்கூடக் குளித்து, திருநீறு பூசி, அதற்குப் பிறகுதான் கொடியை எடுப்பார் என்று சொல்வார்கள்.

"குளிக்காம நான் வீட்டுப் படியே தாண்டினதில்லை, பிள்ளை" என்றார் மாமி.

"குளிக்கிறவை குளியுங்கோ, மாமி. நான் கோவிக்கமாட்டன். குளிச்சவை இஞ்ச இருந்து இடியப்பம் சாப்பிடலாம். குளிக்காதவை என்னோட வரலாம். கிழக்கு வெளிக்க முந்தி நான் வெளிக்கிட்டிடுவன்."

"சாமி கும்பிடாமல் காட்டுக்குள்ள போறதோ?" என்றார் ஐயா. மகளிடம் கேட்கிற குரல் அல்ல அது.

"மனசுக்குள்ள கும்பிடுங்கோ, அப்பா. மணி அடிக்காட்டியும் பிள்ளையாருக்குக் கேக்கும். திரும்பி வந்தாப்பிறகு ஆசைதீரக் கற்பூரம் கொளுத்துவம்."

ஐயா எழுந்து உள்ளே போனார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் போய்விட்டார்கள். வராந்தாவில் நானும் அக்காவும்தான் மிஞ்சினோம்.

"கொஞ்சம் கெஞ்சிக் கேட்டிருக்கலாம்ல அக்கா" என்றேன்.

"கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனா, ஒவ்வொரு முறையும் கெஞ்சவேணும். அது தொழிலில்லை."

"யாருமே வரலன்னா?"

"நீ வருவாய்தானே?"

"நான் வருவேன்."

"அப்ப ஆள் இருக்கு. போய்ப் படு."

மறுநாள் கிழக்கு வெளுப்பதற்கு முன் நாங்கள் இருவரும் டார்ச் விளக்குடன் வெளியே வந்தோம். படிக்கட்டின் அடியில் யாரோ ஒரு வயதானவர் நின்றுகொண்டிருந்தார். கசங்கிய சட்டை, கலைந்த தலை, வெறும் நெற்றி. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவர் கையிலிருந்த கடிகாரத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நேரமாச்சு, யோகம்" என்றபோதுதான் அது அம்பலவாணர் ஐயா என்று தெரிந்தது.

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தார். "ஓம், அப்பா. வெளிக்கிடுவம்" என்றார். அதற்குள் பின்னால் கதவுகள் திறக்கத் தொடங்கின. ஸ்டேஷன் மாஸ்டரே முகம் கழுவாமல் புறப்பட்டுவிட்டார் என்றால் மற்றவர்களுக்கு என்ன? மாமிகூட வந்தார். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு வந்தார், முன்னெச்சரிக்கையாக. ஓய்வுபெற்ற கிளார்க்கும் மனைவியும் மட்டும் குளித்துவிட்டு அங்கேயே இருந்துகொண்டார்கள். அவர்கள் மீது அக்காவுக்கு வருத்தமில்லை.

பரணில் ஏறி உட்கார்ந்தோம். கொசு கடித்தது, கடிக்கட்டும் என்று விட்டோம். மெல்ல வெளிச்சம் வந்தது. முதலில் மரங்களின் உச்சி, பிறகு புல், பிறகு பனியில் பாதி மூடிய குட்டை. மாமிக்கு இருமல் வந்தது. கண்ணில் நீர் வழிய வழிய அதை விழுங்கினார். அந்த அம்மாளின் வைராக்கியத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அவாங் விரலை மட்டும் லேசாக அசைத்தார். புதர் விலகியது.

வந்ததை யானைக்குட்டி என்று நினைத்தேன். இல்லை. பன்றியும் இல்லை. முன்பாதி கறுப்பு, முதுகிலிருந்து வயிறு வரை வெள்ளை, வேட்டி சுற்றிவிட்டது போல. வளர மறந்த மாதிரி ஒரு சின்னத் தும்பிக்கை. மலாயில் அதைத் தெனுக் என்பார்கள், ஆங்கிலத்தில் டேப்பிர். அதன் காலோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி வந்தது. உடம்பெல்லாம் வரியும் புள்ளியுமாக இருந்தது. தாய் சேற்றில் இறங்கி மூக்கைத் துழாவி நக்கியது. குட்டி பயந்து பயந்து ஒரு காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. நாங்கள் இருப்பது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. எங்களில் ஒருவரும் அசையவில்லை. யாரோ என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஐயா. பிடித்திருப்பது யார் கை என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

அவை வயிறார நக்கிவிட்டு, வந்த வழியே போயின. கடைசியில் மாமிதான் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். "பிள்ளையார் சின்ன வயசில இப்பிடித்தான் இருந்திருப்பார்" என்று கிசுகிசுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் தலையாட்டினார்கள்.

திரும்பியதும் எல்லோரும் ஆற்றில் இறங்கி ஆசைதீரக் குளித்தார்கள். ஐயா நெற்றி நிறைய, மார்பு நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, காலைப் பாக்கியையும் சேர்த்துக் கற்பூரம் கொளுத்தினார். படகில் வரும்போது அக்காவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வெகு தூரம் வந்த பிறகு, கரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அடுத்தது எப்ப, யோகம்?"

"அடுத்த மாதம், அப்பா."

"நான் வந்து ஆக்களை ஏத்திவிடுறன். உன்ர மினிபஸ் புறப்பட்ட ஒழுங்கு எனக்குப் பிடிக்கேல்லை."

அவ்வளவுதான் பேச்சு. திங்கட்கிழமை அக்கா அலுவலகத்துக்கு வந்தார். கடிதத்தைத் திருப்பி வாங்க அல்ல. இழுப்பறையிலிருந்து எடுத்து மேலே அனுப்பச் சொல்லத்தான்.

அதற்குப் பிறகு ஐயா செய்த வேலையைப் பார்த்தவர்கள் இன்றும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார்கள். இருட்டில் மினிபஸ் வாசலில் நின்று, ஏறுகிற ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்ப்பார். பவுடர் வாசம் வந்தால், "இறங்குங்கோ, துடைச்சுப்போட்டு வாங்கோ" என்பார். பெரிய பெரிய வக்கீல்மார் வீட்டு அம்மாமாரும் மறுபேச்சில்லாமல் இறங்கித் துடைத்துக்கொண்டு ஏறினார்கள். கல்யாண வீடுகளில் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "காட்டுக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறா. நீங்கள் எப்ப வாறியள்?" என்பார். கேட்டவர் அகப்பட்டுக்கொள்வார். அவர் கடைசியாகப் படுக்கையில் விழும் வரைக்கும் அக்காவுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததில் பாதி அவர்தான்.

எண்பதுகளில் தொழில் வளர்ந்தது. பிரிக்பீல்ட்ஸோடு நிற்கவில்லை. பந்திங் தோட்டத்திலிருந்து ஒரு முழுக்குழு வந்தது. ஸ்ரீ கெம்பாங்கான் தொழிற்சாலைப் பெண்கள் வந்தார்கள். செராஸிலிருந்து ஒரு சீனக் குடும்பம் வருடம் தவறாமல் வந்தது. எங்களுடன் இடியப்பம் சாப்பிட்டே பழகியது. அக்கா எல்லோருக்கும் ஒரே சட்டம்தான் வைத்தார். கிள்ளானில் பெரிய கடைக்காரர் ஒருவர், "புலி கண்டிப்பா வருமா மேடம்? கேரண்டி உண்டா?" என்று கேட்டார். "புலிக்கு நான் சம்பளம் குடுக்கிறதில்லை, சேர். அது தன்ர வேலையைப் பாக்கும்" என்றார் அக்கா. கடைக்காரர் சிரித்துக்கொண்டே இரண்டு இடத்துக்குப் பதில் நாலு இடம் பதிந்தார்.

என் திருமணத்துக்குப் பிறகும் லீவு கிடைக்கிற போதெல்லாம் நான் துணைக்குப் போனேன். என் கணவருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. ஒரு தடவை கூட்டிப்போனேன். அதற்கப்புறம் அவர்தான் பையை முதலில் எடுத்து வைப்பார்.

போன வருடம் சிறுநீரகக் கோளாறு அக்காவைப் படுக்க வைத்தது. அதற்கும் அவர் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே படகுக்காரரிடம் பேசுவார். பக்கத்துக் கட்டில் நோயாளிகளுக்கு ஆற்றங்கரையைப் பற்றிச் சொல்லுவார். எங்கள் பழைய அதிகாரி ஒருநாள் பார்க்க வந்தார். "நீங்கள் வேலையில் இருந்திருந்தால் இந்நேரம் பென்ஷனோடு நிம்மதியாக இருந்திருக்கலாமே" என்று உண்மையான அக்கறையோடு சொன்னார்.

"பென்ஷன் எண்டது, பிடிக்காத வேலை பாத்தவைக்குத் தாற நட்டஈடு, சேர். எனக்கு ஒருத்தரும் நட்டஈடு தரத் தேவையில்லை" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் இன்னும் அதே அலுவலகத்தில் பென்ஷனுக்குக் காத்திருக்கிறவள். அந்த நேரத்தில் எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை செராஸ் மயானத்தில் அவரைத் தகனம் செய்தோம். அங்கேயே சிவா என்னை ஓரமாக அழைத்து, வார இறுதியில் புறப்பட வேண்டிய குழுவுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். நிறுத்திவிடலாம் என்பது அவருடைய எண்ணம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்றார். நான் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். யோசித்துச் சொன்னதல்ல, வாய் சொல்லிவிட்டது.

இதுவரை நான் அந்தப் பரணில் எத்தனையோ தடவை இருந்திருக்கிறேன். எப்போதும் ஆட்களோடு ஆட்களாகத் திறப்பைப் பார்த்துத்தான் உட்காருவேன். அக்கா மட்டும் திறப்புக்குக் கீழே, தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யாராவது பேச வாயெடுத்தால் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவதற்கு வசதியான இடம் அதுதான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். இந்த ஞாயிறு விடிகாலையில் அந்த இடத்தில் உட்கார வேறு ஆள் இல்லை. நான் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து குட்டை தெரியாது. புல் தெரியாது. மிருகம் எது வந்தாலும் நமக்கு முதுகுக்குப் பின்னால்தான். எதிரே மனிதர்கள் மட்டும் இருந்தார்கள். இருட்டில் வெறும் உருவங்களாக இருந்தவர்களின் மேல், என் தலைக்கு மேலிருந்த திறப்பு வழியாக வெளிச்சம் மெல்ல விழுந்தது. தூக்கக் கலக்கமும் கவலையும் ஒட்டியிருந்த முகங்கள். திடீரென்று ஒரு பெண்ணின் வாய் திறந்துகொண்டது. அவள் பக்கத்தில் இருந்த பெரியவருக்குக் கண் விரிந்தது. அப்படியே ஒவ்வொருவராக, எல்லா முகங்களும் மாறின. ஏதோ வந்துவிட்டது. திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்ததை ஒரு கணம்கூட விட முடியவில்லை. வந்தது மான்கள் என்று பிறகு அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இத்தனை வருடமும் அக்கா இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த முதல் பயணத்திலும் அவர் அங்கேதான் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் தெனுக்கும் குட்டியும் தெரிந்த நேரத்தில், அவருக்கு அவருடைய தகப்பனாரின் வெறும் நெற்றியும், அதற்குக் கீழே அந்த முகமும் தெரிந்திருக்கும். படகில் ஐயா கேட்பதற்கு முன்பே அக்காவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

போய் வாருங்கள், யோகம் அக்கா. நீங்கள் வேலையை விட்டது சரிதான். ஆட்களை நேரத்துக்கு நாங்கள் ஏற்றிக்கொள்கிறோம்.